டாப் ஸ்டேஷன் பாதையில் நடந்தவர்கள் யார்?

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு வந்து, அங்கிருந்து மலையேறினால் டாப் ஸ்டேஷன் வரும். இன்று இது மலையேற்றம் போகிறவர்களின் பாதை. மேலே ஏறியதும் மூணாறு. தேயிலைச் சரிவுகள், இரவிகுளம் தேசியப் பூங்கா, தேயிலை அருங்காட்சியகம், வெள்ளைக்காரர் கட்டிய கல் தேவாலயம் என்று 'பாரம்பரியச் சுற்றுலா' அங்கே காத்திருக்கிறது. கல்லூரி விடுமுறையில் நம் தோழர்கள் பலரும் போய்வருகிறார்கள். போகட்டும். ஆனால் அந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அந்த மலையுச்சிக்கு ஏன் டாப் ஸ்டேஷன் என்று பெயர்? மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரயிலில் அதுவரை வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடி பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டுவண்டியில் போடிக்குப் போய், கடல் தாண்டின. தேயிலைக்குக் கம்பியும் தண்டவாளமும் இருந்தன. அதைப் பறிக்க வந்த நம் பாட்டன் பூட்டிகள் அதே மலையைக் கால்நடையாக ஏறினார்கள். தலையில் சட்டிபானை, இடுப்பில் குழந்தை, முன்னால் கங்காணி.

1877: ஒரு பத்திரம், ஒரு பஞ்சம்

மூணாறின் வரலாற்றை 1877-இல் தொடங்குவது வழக்கம். அந்த ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஏறத்தாழ 1.37 லட்சம் ஏக்கர். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த முதுவர் பழங்குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணன், தேவன் என்ற பெயர்களே அங்கு வாழ்ந்த பழங்குடித் தலைவர்களுடையவை என்று சொல்வார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1877-இல் மலைக்குக் கிழக்கே என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். சொந்த நிலம் இல்லாமல், பண்ணையாள்களாக இருந்த சேரி மக்களே முதலில் விழுந்தார்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் மலையில் எழுதப்பட்ட பத்திரத்தைச் சொல்கின்றன. சமவெளியில் கிடந்த பிணங்களைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், தேயிலைக்குத் தேவையான கூலிகள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்பது புரியும்.

திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். அந்த முன்பணமே கடனாகி, மலையை விட்டு இறங்க முடியாத விலங்கானது. வேலையை விட்டு ஓடியவரைப் பிடித்துத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இருந்தது. 1903-இல் தோட்ட முதலாளிகளுக்கென்றே சென்னை மாகாணம் தனிச் சட்டமும் போட்டது. ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். கங்காணிகளில் ஆதிக்கச் சாதியினரும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். அதையும் மறைக்காமல்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் சேரி, மலையில் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த சிறு வீடுகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளையோ மருமகளோ கொழுந்து எடுக்கப் போக வேண்டும். நான்கைந்து தலைமுறைகள் தேயிலைக்குள்ளேயே நின்றுபோனதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

பாதையில் பெயர் உள்ளவர்கள்

மூணாறின் பாரம்பரியச் சுற்றுலாவில் தவறாமல் சொல்லப்படும் கதை எலனோர் இசபெல் மே என்ற இளம் பெண்ணுடையது. கணவரோடு மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, 1894-இல், காலராவில் இறந்தார். அவரைப் புதைத்த குன்றில்தான் பின்னாளில் தேவாலயம் எழுந்தது. அந்தப் பெண்ணின் துயரம் துயரம்தான். அதை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் காலரா துரைமார் பங்களாவுக்கு மட்டுமா வந்தது? லயத்தில் செத்தவர்களின் குன்று எது?

நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரம் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. 1908-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1924 பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. மிஞ்சிய ஞாபகங்களில் அந்தச் சக்கரமும் ஒன்று. 1913-இல் செய்த சூரிய கடிகாரமும் இருக்கிறது. அதைச் செய்தது நம் பக்கத்து நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி. தென்கோடியிலிருந்து கல்லும் வந்தது, ஆளும் வந்தார்கள். கல்லுக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் இருக்கின்றன. தண்டவாளத்துக்கு மண் வெட்டியவர், வெள்ளத்தில் போனவர், மறுபடி பாதை போட்டவர் யார் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

வரையாடும் பெட்டிமுடியும்

இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். வரையாடுகளின் முக்கியமான புகலிடம். ஆனைமுடி அங்கேதான் நிற்கிறது. துரைமார் காலத்தில் இது அவர்களின் வேட்டைக்காடு. காவலுக்கும் வழிகாட்டவும் முதுவர்கள். 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயிரிடாத நிலத்தை மீட்டு, விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் வழங்குவதும் அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றமும் 1972-இல் அதை ஏற்றது. சுமார் 70 ஆயிரம் ஏக்கர் அரசுக்கு வந்தது. சுமார் 57 ஆயிரம் ஏக்கர் கம்பெனியிடம் இருந்தது. அரசுக்கு வந்த நிலத்தில் ஒரு பகுதி 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. காடு காடாக இருப்பது நல்லதுதான். வரையாடு நம் எதிரியல்ல. நம் கேள்வி மீதி நிலத்தைப் பற்றியது. மலையை வெட்டித் தோட்டமாக்கிய கூலிகளில் பெரும்பாலோர் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் லயத்தில்தானே இருக்கிறார்கள்?

அதன் விலை 2020 ஆகஸ்ட் 6 இரவு தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் வரையாடு பார்க்கப் போகும் ராஜமலைக்கு அப்பால்தான் பெட்டிமுடி. மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி வந்தது. இறந்தவர்களில் பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. பூங்காவில் தற்காலிக ஓட்டுநர்களாக வேலை பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. மறுநாள் நடந்த கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம்.

ஒரு பழைய காகிதத்தின் விலை

வரலாறு பழங்கதை, அதனால் என்ன லாபம் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் வந்தது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்கு அந்த உரிமை கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பறையர், பள்ளர், சக்கிலியர் மூவரும் கேரளப் பட்டியலிலும் இருக்கிறார்கள். இருந்தும் தமிழ்த் தொழிலாளியின் பேரப்பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்டால், உன் முன்னோர் 1950-க்கு முன்பே இங்கு வந்ததைக் காட்டு என்கிறார்கள்.

தேவிகுளம் தனித்தொகுதி உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தலை 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் நமக்குத் தெரியும். அவர் கிறிஸ்தவரா என்பதோடு, அவருடைய தாத்தா பாட்டி எப்போது மலை ஏறினார்கள் என்பதும் அந்த வழக்கின் கேள்வி. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி விண்ணப்பத்தோடு நிற்கும் லயத்துப் பெண்ணுக்கு என்ன கதி?

கம்பெனிக்கு 1877-ஆம் ஆண்டுப் பத்திரம் பத்திரமாக இருக்கிறது. நமக்கு 1949-ஆம் ஆண்டின் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அருங்காட்சியகத்தில் பெயர் இல்லாததும், தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் கிடைக்காததும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

நாம் என்ன செய்யலாம்

2015 செப்டம்பரில் அந்த மலையின் பெண்கள் காட்டிவிட்டார்கள். போனஸைப் பாதியாகக் குறைத்தபோது, கட்சிச் சங்கங்களை ஒதுக்கிவிட்டு, ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று நாள் கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்று பெயர் எடுத்த அவர்கள் ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு ஒப்பந்தம் வாங்கினார்கள். மூணாறின் பாரம்பரியத்தில் அந்தச் சாலைக்கும் ஓர் இடம் வேண்டும்.

அடுத்த முறை மலை ஏறும் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். பூங்காவைப் பாருங்கள், தேயிலைச் சரிவில் படம் எடுங்கள். பிறகு ஒரு லயத்தில் உட்கார்ந்து, வயதான அப்பத்தாக்களிடம் பேசுங்கள். எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்த வருஷம், யாரோடு ஏறினார்கள் என்று அவர்கள் சொல்வதை எழுதுங்கள். கோயில் கல்வெட்டு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பழைய செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுத்து, ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள். கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே தொடங்கலாம். 'மலைக்குப் போனவர்கள்' இல்லாத சேரி அந்தப் பக்கம் குறைவு.

அந்த நோட்டில் எழுதப்படும் ஒரு பெயரும் ஒரு வருஷமும் நாளை யாரோ ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தோடு சேரலாம்.