காயம் ஆறும் முன்: சிங்கப்பூரில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளியின் மருத்துவமும் உரிமையும்

சிங்கப்பூரில் கட்டடப் பணியிலிருக்கும் அண்ணன் தம் கட்டுப்போட்ட கையையும், மருத்துவமனையில் தந்த தாள் ஒன்றையும் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார். காலனியில் அந்த ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் ஒரு தம்பியோ தங்கையோதான். "ஒன்றுமில்லை, இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், பிறகு லைட் டியூட்டியாம்" என்று அவர்கள் படித்துச் சொல்ல, வீடு நிம்மதியடைகிறது. அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய இழப்பின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதை அந்தக் கணத்தில் யாரும் அறிவதில்லை. அந்தத் தாளைப் படிக்க நேரும் உங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் டெல்டா மாவட்டங்களிலிருந்தும் எல்லாச் சாதியினரும் சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் எல்லோரும் ஒரே தரையிலிருந்து புறப்படுவதில்லை. பட்டா நிலமுள்ள குடும்பம் நிலத்தை ஈடுவைத்து வங்கியில் கடன் பெறலாம். நிலமற்ற பட்டியலினக் குடும்பத்திற்குக் கந்துவட்டியும், தாய் தங்கையரின் நகையும், மகளிர் குழுக் கடனுமே ஏஜென்ட் கட்டணத்திற்கான வழிகள். கை உடைந்த மறுநாளும் வட்டி ஏறுகிறது. விபத்துக்குள்ளான தொழிலாளி முதலாளியை எதிர்த்து ஒரு சொல் பேசத் தயங்குவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, அந்தக் கடனும்தான்.

மருத்துவமனை வாசலில்

சிங்கப்பூரில் அவசர மருத்துவ ஊர்திக்கு 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் நேரே செல்லலாம். ஆயினும் காயம்பட்டவரைப் பல வேளைகளில் நிறுவனம் தனக்குப் பழக்கமான தனியார் கிளினிக்குக்கே முதலில் அழைத்துச் செல்கிறது. உடன் செல்லும் மேற்பார்வையாளர் மருத்துவரின் அறைக்குள்ளும் சென்று அமர்ந்துகொள்கிறார், மொழிபெயர்க்கும் பொறுப்பையும் தாமே ஏற்கிறார்.

தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் மருத்துவரின் அறையில் ஆட்சி செலுத்துவது ஆங்கிலமே. "குடைகிறது", "கடுக்கிறது", "விண்விண் என்று தெறிக்கிறது", "மரத்துப்போய்விட்டது" என வலியை வகைபிரித்துச் சொல்ல நம் மக்களிடம் எத்தனையோ சொற்கள் உண்டு. மருத்துவரோ வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் கேட்கிறார். அதிகாரத்தின் முன் கைகட்டி நின்றே பழக்கப்படுத்தப்பட்டவர், வலியைக் கூட்டிச் சொல்வதாக நினைத்துவிடுவார்களோ என அஞ்சி "ஐந்து" என்கிறார். எண் மட்டும் போதாது. விரல் மரத்துப்போனதா, கூசுகிறதா, மடக்க முடியவில்லையா என்பவற்றைத் தனித்தனியே சொல்லியாக வேண்டும். மரத்துப்போதல் நரம்புக் காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். அன்று சொல்லப்படாத உணர்விழப்பு, பின்னர் ஊனத்தை மதிப்பிடும்போது விபத்தோடு தொடர்பற்றது என்று ஒதுக்கப்படக்கூடும்.

எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்கான விடையும் அப்படிப்பட்டதே. "வேலைத்தளத்தில், இத்தனை மணிக்கு, இந்த வேலை செய்கையில்" என்று மருத்துவப் பதிவில் எழுதப்பட வேண்டும். மொழிபெயர்ப்பவர் அதை "விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்று மாற்றிவிட்டால் வழக்கின் அடித்தளமே சரிந்துவிடும். மேற்பார்வையாளரை வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவரிடம் கேட்கலாம். தமிழ் பேசும் தாதி எவரேனும் உண்டா என்றும் கேட்கலாம். உடன் வந்தவரும் தமிழர்தாமே என்ற ஆறுதல் போதாது. ஊரின் மேலத்தெருவுக்கும் காலனிக்கும் இடையிலுள்ள தூரம் விமானத்தில் ஏறியதும் கரைந்துவிடுவதில்லை. தவிர, அவரது சம்பளமும் அதே நிறுவனத்திலிருந்துதான் வருகிறது.

செலவைப் பற்றிய அச்சம் அடுத்தது. குடியுரிமையும் நிரந்தரவாச உரிமையும் உள்ளோருக்கு அரசு தரும் மருத்துவ மானியம் வேலை அனுமதியில் இருப்பவருக்கு இல்லை. எனவே கட்டணச் சீட்டைக் கண்டதும் தலை சுற்றும். ஆனால் அந்தச் சுமை தொழிலாளியுடையது அன்று. விடுதிகளில் தங்குவோருக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனத் தொழிற்சாலை ஆகிய துறைகளில் உள்ளோருக்கும் 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்றை முதலாளி வாங்கித் தருவது கட்டாயம். அதில் மருத்துவ மையத்திற்குச் சென்றால் தொழிலாளி கட்ட வேண்டியது ஒருமுறைக்கு 5 வெள்ளி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான காப்பீட்டை 2023 ஜூலை முதல் முதலாளி எடுத்திருக்க வேண்டும். வேலையில் நேர்ந்த காயத்திற்கோ தனிச் சட்டமே உண்டு. அவசரமற்ற அறுவைக்கு முன் மருத்துவமனை முதலாளியிடம் உத்தரவாதக் கடிதம் கேட்பது வழக்கம். அக்கடிதத்தை இழுத்தடிப்பது அறிந்த தந்திரம். அவ்வாறு நேர்ந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு மனிதவள அமைச்சில் முறையிட வேண்டும்.

இரண்டு நாள் எம்சி

மருத்துவ விடுப்புச் சான்றை அங்கே எல்லோரும் 'எம்சி' என்கிறார்கள். முன்பு மூன்று நாளுக்கு மேல் விடுப்புத் தரப்பட்டாலோ, 24 மணி நேரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோதான் விபத்தை முதலாளி அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. எனவே எலும்பு முறிந்தவருக்கும் இரண்டு நாள் எம்சி, அதன்பின் 'லைட் டியூட்டி' என்று எழுதும் மருத்துவர்கள் சிலர் இருந்தனர். அத்தகைய தாள் விபத்தையே ஏடுகளிலிருந்து மறைத்துவிடும்.

இதை நாம் கற்பித்துக் கூறவில்லை. கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் முறிந்த கையில் அறுவை செய்துவிட்டு இரண்டே நாள் விடுப்பளித்து, அதன்பின் லைட் டியூட்டிக்குத் தகுதியானவர் என்று சான்றளித்த எலும்பு மருத்துவரை, 2016-இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் தொழிலிலிருந்து இடைநீக்கியது. மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு நடுவம் அவரை முதலில் விடுவித்திருந்தது என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். இடிந்த சுவரையும் கம்பிக்கட்டையும் அன்றி வேறெதையும் காணாத வேலைத்தளத்தில் லைட் டியூட்டி என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று மருத்துவர் விசாரித்தாக வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ தரப்பட்டாலும் முதலாளி அறிக்கை அளித்தாக வேண்டும். லைட் டியூட்டி நாட்களுக்கும் சராசரி ஊதியத்தின் அடிப்படையிலேயே பணம் தர வேண்டும். பழைய தந்திரத்தின் பயன் பெரிதும் குறைந்துவிட்டது. பழக்கமோ அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. எனவே அனுப்பப்பட்ட படத்தில் விடுப்பு நாட்கள் எத்தனை, மறுபரிசோதனை எப்போது, காயம் வேலையில் நேர்ந்தது என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். காயத்திற்குப் பொருந்தாத விடுப்பாகத் தோன்றினால் அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். முதல் கிளினிக்கின் தாளையும் எறிந்துவிடக் கூடாது.

சட்டம் தருவது

இச்சட்டத்தின் சிறப்பு, தவறு யாருடையது என்று அது கேட்பதில்லை. "நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்ற வசை உரிமையைப் பறிக்காது. வேலையின்போது, வேலையால் நேர்ந்தது என்பதே போதும். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். லாரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லப்படுவோர் இதை முக்கியமாக அறிய வேண்டும். மது போதையிலும் கைகலப்பிலும் பட்ட காயங்களுக்குப் பொதுவாக இழப்பீடு இல்லை.

கிடைப்பவை மூன்று. முதலாவது மருத்துவ விடுப்பு ஊதியம்: வெளிநோயாளியாயின் 14 நாட்கள், மருத்துவமனை விடுப்பாயின் 60 நாட்கள் முழு ஊதியம், அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாவது மருத்துவச் செலவு: 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை அல்லது ஓராண்டு வரை, இவற்றில் எது முந்துகிறதோ அது. மூன்றாவது நிரந்தர ஊனத்திற்கான ஒட்டுமொத்தத் தொகை.

இந்த மூன்றாவதில்தான் சம்பளச் சீட்டின் அருமை விளங்கும். சராசரி மாத ஊதியத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, ஊன விழுக்காட்டைக் கணக்கிடுகிறார்கள். 40 வயது வரை உள்ளவருக்கு அந்த எண் 181. அடிப்படைச் சம்பளம் 700 வெள்ளி மட்டும் என்று காட்டப்பட்டால் 1,26,700 வெள்ளி வரும். பத்து விழுக்காடு ஊனத்திற்கு 12,670. மிகைநேர வேலையும் சேர்த்து உண்மையில் மாதம் 1,000 வெள்ளி ஈட்டியவருக்கோ 18,100 கிடைக்க வேண்டும். மிகைநேர ஊதியமும் சராசரியில் சேரும். ஆனால் அதை மெய்ப்பிக்கத் தாள் வேண்டும். சம்பளச் சீட்டுத் தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். மாதந்தோறும் அதன் படத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி, கை நன்றாக இருக்கும்போதே சொல்லிவையுங்கள். வேலை அனுமதிக்கு முன் வரும் ஐபிஏ கடிதத்தையும் அவ்வாறே வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

கோரிக்கையை விபத்து நடந்து ஓராண்டுக்குள் எழுப்ப வேண்டும். முதலாளி அறிக்கை தரவில்லையெனில் தொழிலாளியே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கலாம். கணக்கிட்ட தொகைக்கான அறிவிப்பு வந்தபின் மறுப்புத் தெரிவிக்க 14 நாட்களே உண்டு. அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். ஊருக்கு அனுப்பி, படித்து, கூடிப் பேசுவதற்குள் பாதி நாட்கள் கழிந்துவிடும். இச்சட்டத்தை விடுத்து, முதலாளியின் அலட்சியத்தை நிறுவி உரிமையியல் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. தொகை கூடலாம், தோற்றால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டையும் சேர்த்துப் பெற இயலாது. 'கேஸ் போட்டுத் தருகிறேன்' என்று தேக்கா பகுதியில் அணுகுவோரிடம் கையெழுத்திடும் முன் தொண்டு நிறுவனம் ஒன்றில் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்கள் இச்சட்டத்திற்குள் வருவதில்லை. அவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய, குறைந்தது 60,000 வெள்ளிக்கான தனிநபர் விபத்துக் காப்பீடே உள்ளது. பிறர் வீட்டு அடுப்படியில் உழைப்பது அங்கும் தொழிலாக முழுமையாக மதிக்கப்படவில்லை.

பர்மிட் ரத்தானால்

காயம்பட்டவர் சட்டத்தை நாடினால் முதலாளி பர்மிட்டை ரத்துசெய்யலாம். "ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள், டிக்கெட் போட்டுவிட்டேன்" என்பது வழக்கமான பேச்சு. பர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாவதில்லை. விடுப்பு ஊதியமும் தொடர வேண்டும். சிகிச்சையும் கணக்கீடும் முடியும்வரை தங்க மனிதவள அமைச்சு ஸ்பெஷல் பாஸ் வழங்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை செய்ய முடியாது. மாதக்கணக்கில் வருமானமின்றிக் காத்திருப்பதே பலரை முறித்துவிடுகிறது. வட்டி கேட்டு வீட்டு வாசலில் நிற்பவரின் குரல் கைப்பேசி வழியே விடுதி வரை கேட்கும்.

இங்கேதான் தொண்டு நிறுவனங்கள் கைகொடுக்கின்றன. டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் காயம்பட்டோருக்கும் ஊதியம் கிடைக்காதோருக்கும் இலவச உணவளித்து, வழக்குத் தாள்களையும் படித்துச் சொல்கிறது. ஹெல்த்சர்வ் குறைந்த செலவில் மருத்துவமும் மனநல ஆலோசனையும் தருகிறது. ஹோம் என்ற அமைப்பு பணிப்பெண்களுக்கும் அடைக்கலம் தருகிறது. இந்தியத் தூதரகங்களில் 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து அவசர மருத்துவ உதவி கோரலாம். ஆனால் அரசின் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்வோருக்கே கட்டாயம். அந்தப் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. எனவே சிங்கப்பூர் சென்ற நம் தொழிலாளர் பெரும்பாலோர் அக்காப்பீட்டுக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

ஊர் திரும்புவோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மருத்துவர் எழுதிய ஊன விழுக்காடு இழப்பீட்டுக்கானது. இங்கே அது செல்லாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இடஒதுக்கீடு போன்ற பயன்களுக்கு 40 விழுக்காடு வேண்டும், அதை நம் அரசு மருத்துவர்களே தனியாக மதிப்பிடுவார்கள். இரண்டு விரல் இழந்து அங்கே இழப்பீடு பெற்றவர் இங்கே அந்த அளவை எட்டாமல் போகலாம். மண்வெட்டியைப் பிடிக்க முடியாத கைக்கு நிலமற்ற குடும்பத்தில் வேறு வேலை கிடையாது என்பதை எந்த அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே விமானம் ஏறும் முன் அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், வெளியேற்றச் சுருக்கம், எல்லா எம்சிகள் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். கோரிக்கை முடியாமலே திரும்ப நேர்ந்தால், ஊர் முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அமைச்சிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.