தம்பானூர் மரச்சீனியும் தைவான் முத்துத் தேநீரும்

கலிபோர்னியாவில் கூப்பர்டினோ பக்கம் குடியேறிய நம்மவர்களுக்குப் 'போபா'வை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பர்ஸைக் காலி செய்திருப்பார்கள். எனக்கு அதை அறிமுகப்படுத்தியவர் கூட வேலை பார்க்கும் ஒரு தைவான்காரர். ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் குடும்பத்தையே தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்.

முதலில் வெங்காயத்தாள் போட்ட அடுக்கு ரொட்டி. நம்ம பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கொழகொழவென்று சிப்பி ஆம்லெட். அப்புறம் நாற்றத்துக்குப் பேர்போன அந்தப் புளித்த டோஃபு. தங்கமணி மூக்கைப் பொத்திக்கொண்டார். கருவாட்டோடு வளர்ந்த எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கடைசியாக 'ஜென்ஜூ நாய்ச்சா' வந்தது. பயப்படாதீர்கள், சீனத்தில் 'நாய்' என்றால் பால். ஜென்ஜூ என்றால் முத்து, சா என்றால் தேநீர். தடித்த குழல் வழியே உறிஞ்சினால் கறுப்பு உருண்டைகள் வாய்க்குள் வந்து விழுகின்றன. மெல்லும்போது அந்த இழுவைக்குத் தைவானில் 'கியூ' என்று பெயராம்.

எனக்கு அது புது ருசியாகவே தெரியவில்லை. ஜவ்வரிசிப் பாயசத்தில் இருக்கும் அதே வழவழப்பு. எதில் செய்கிறார்கள் என்று கேட்டதும் அவர் போனில் ஒரு கிழங்கின் படத்தைக் காட்டினார். அட, நம்ம மரச்சீனி!

உள்நாட்டுத் தமிழர்களுக்கு அது மரவள்ளி, குச்சிக்கிழங்கு. கேரளத்தில் வடக்கே போனால் கப்பை. திருவனந்தபுரத்திலும் எங்கள் குமரி மாவட்டத்திலும் மரச்சீனிதான். எனக்கு மரச்சீனி என்றால் தம்பானூர். திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் சாயங்காலங்களில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தட்டுக்கடையில் ஆவி பறக்க அவித்த மரச்சீனியும் மத்திக் கறியும் கிடைக்கும். கையில் இருக்கும் காசுக்கு வயிறு நிறைய வேறு எதுவும் கிடையாது.

இந்தக் கிழங்கு நம் மண்ணுடையது அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் கடல் தாண்டியது. திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது, அதை அவிக்கச் சொல்லித் தானே தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, பயம் நியாயமானதுதான். கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. அதனால்தான் நறுக்கி, அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம்.

கம்பை வெட்டி நட்டால் வளரும். மழை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். எட்டு, பத்து மாதத்தில் தயார். அப்போதும் பிடுங்க அவசரமில்லை, மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்து வேண்டும்போது எடுக்கலாம். ஏழைக்குக் குதிர் கட்டத் தேவையில்லாத தானியம்.

அது உயிர் காத்தது 1942-க்குப் பிறகு. தேங்காயும் மிளகும் விளைந்த திருவிதாங்கூருக்குச் சோறு போட்டது பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழ, அந்த வரத்து நின்றது. ரயில் 1931-லேயே தம்பானூர் வரை வந்துவிட்டதுதான். ஏற்றி வர அரிசி வேண்டுமே? 1943-44-இல் சேர்த்தலை போன்ற இடங்களில் ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள். இந்தியச் சேவகர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசாமி குழுவினர் அந்தப் பஞ்சத்தையும் சத்துக்குறை நோய்களையும் பற்றித் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார்கள். வங்காளப் பஞ்சத்தைத் தெரிந்த அளவுக்கு இதை நம்மில் பலருக்குத் தெரியாது, நம் சொந்த ஊர்க் கதையாக இருந்தும்.

என் ஆச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. ரேஷன் அரிசியில் வைத்த கஞ்சி வீட்டு ஆண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும். பொம்பளைகளுக்கு மூன்று வேளையும் மரச்சீனி. அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. மத்தி சேர்ந்தால்தான் முழுச் சாப்பாடு. அந்த மத்தியும் தினமும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வீட்டில் அரிசி மூட்டை அடுக்கியிருந்த நாளிலும், விருந்தாளி வந்தால் "மரச்சீனியை மூடி வை" என்பாள். பசித்தது வெளியே தெரிந்துவிடுமாம். இப்போது அதே மாவு உருண்டைக்கு, அவள் பேரன் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அந்த நண்பர் சிரிக்கவில்லை. அவர் பாட்டி சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தொடவே மாட்டாராம். தைவானை 1895 முதல் 1945 வரை ஆண்டது ஜப்பான். தைவானில் விளைந்த நல்ல அரிசி கப்பலேறிப் போனது. உள்ளூர் ஏழைக்குச் சர்க்கரைவள்ளி. நாங்கள் ருசித்துத் தின்ற சிப்பி ஆம்லெட்டின் கொழகொழப்பும் அந்தக் கிழங்கு மாவுதான்.

மரச்சீனி ஜவ்வரிசியானதும் அதே போர்க்காலத்தில்தான். ஜவ்வரிசி என்றால் ஜாவா அரிசி என்பார்கள். அசல் சேகோ ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து வருவது; மலேயா, ஜாவா பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் அங்கேயும் புகுந்துவிட, சரக்கு நின்றது. கேரளத்துக்கு வியாபாரமாகப் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இத்தொழிலைக் கற்ற போபட்லால் ஷாவோடு சேர்ந்து 1943 வாக்கில் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, ஈர மாவைத் துணியில் போட்டுக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைப்பது. தைவான்காரர்கள் மாவில் கொதிநீரும் கருப்பட்டி மாதிரியான சர்க்கரையும் சேர்த்துப் பெரிதாக உருட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த உருண்டைகளைத் தேநீரில் போட்டது 1980-களில். தைச்சுங் நகரின் சுன் சுயி தாங் கடையும் தைனான் நகரின் ஹான்லின் கடையும் 'நாங்கள்தான் முதல்' என்று பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தன. 2019-இல், இது யாரும் காப்புரிமை வாங்கிய பொருள் அல்ல, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலத்து ஆலைகளுக்குக் கிழங்கு தரும் ரகங்களில் பேர்பெற்றது எச்-226. அதை உருவாக்கியது 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம். இருப்பது ஸ்ரீகார்யத்தில், தம்பானூரிலிருந்து பத்து கிலோமீட்டர். அவர்கள் வெளியிட்ட இன்னொரு ரகத்தின் பெயர் ஸ்ரீ விசாகம்.