சக்தி இருக்கிறவன் ஏன் ஒளியவேணும்? டிஸ்ஆனர்டுக்கு முன்னம் கொஞ்சம் வரலாறு

2012 ஒக்டோபர் 9ஆம் திகதி டிஸ்ஆனர்ட் என்றொரு வீடியோ கேம் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த மற்றப் பெயர்களை ஒருக்கா பாருங்கள். அசாசின்ஸ் கிரீட் 3, ஹேலோ 4, கொல் ஒஃப் டியூட்டி: பிளாக் ஒப்ஸ் 2. எல்லாவற்றின் வாலிலும் ஒரு இலக்கம் தொங்குகிறது. இதற்கு மட்டும் இல்லை. புதுக் கதை, புது ஊர், புது ஆள். ஆனாலும் இதற்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. அது 1998இல் தொடங்கி, நடுவில் கிட்டத்தட்ட அறுந்தே போன பரம்பரை.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டன்வால் என்ற நகரத்தில் கொள்ளைநோய். பேரரசியின் மெய்க்காவலன் கோர்வோ அட்டானோ. பேரரசி கொல்லப்படுகிறார், பழி கோர்வோவின் தலையில் விழுகிறது, அவரது மகள் எமிலியைக் கடத்திவிடுகிறார்கள். சிறையிலிருந்து தப்புகிற கோர்வோவுக்கு அவுட்சைடர் என்ற அமானுஷ்யப் பிறவி சில சக்திகளைக் கொடுக்கிறது. கண்மூடித் திறக்க முன்னம் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குப் போகலாம். நேரத்தை நிறுத்தலாம். எலிக்குள், மீனுக்குள், ஏன் மனுசனுக்குள்ளேயே புகுந்து நடக்கலாம். எலிக்கூட்டத்தை வரவழைத்து எதிரிமேல் ஏவலாம். எல்லாவற்றையும் கோர்வோவின் கண்ணாலேயே பார்க்கிறோம்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு கேள்வி. இது ஒளிந்து ஆடுகிற கேம் என்கிறார்கள். இவ்வளவு சக்தி இருக்கிறவன் ஏன் ஒளியவேணும்?

விடை தேட 1998க்குப் போகவேணும். 1993இல் டூம், 1996இல் குவேக் வந்த பிறகு, பாத்திரத்தின் கண்ணால் பார்க்கிற கேம் என்றாலே துவக்கும் ஓட்டமும்தான். அந்த நேரத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ், தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட் என்ற கேமை 1998 கடைசியில் வெளியிட்டது. அதன் நாயகன் கேரட் ஒரு கள்ளன். வாள் இருக்கிறது. ஆனால் இரண்டு காவலாளிகள் சேர்ந்து வந்தால் ஆள் சரி. திரையின் அடியில் ஒரு சின்ன மணிக்கல், எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும். பந்தம் எரிந்தால் தண்ணீர் அம்பு விட்டு அணைக்கவேணும். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது, ஓட்டுத் தரையில் நடந்தால் அடுத்த அறைக்கே கேட்கும். மற்ற கேம்களில் சத்தம் அலங்காரம். இங்கே அது உயிர்.

கேரட் ஒளிந்ததற்குக் காரணம் லேசானது. அவன் பலவீனன். ஆனால் அந்த கேமுக்குள்ளேயே இன்னொரு விதையும் இருந்தது. சாதாரணமாகக் கடினத்தைக் கூட்டினால் எதிரிகள் கூடுவார்கள். தீஃபில் கடினத்தைக் கூட்டினால் நிபந்தனைகள் கூடும். ஆகக் கடைசிப் படிநிலையில் மனுசரைக் கொல்லவே கூடாது. அதாவது நன்றாக விளையாடத் தெரிந்தவன் யாரென்றால், யாரையும் கொல்லாமல் வெளியே வருகிறவன். அந்தக் காலத்தில் இது சின்ன விசயம் இல்லை.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டாம் பாகம் வந்தது. மே மாதம் கம்பனியே மூடப்பட்டது. நல்ல கேம் செய்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. மூன்றாம் பாகத்தை 2004இல் அயன் ஸ்டோர்ம் என்ற கம்பனியின் ஒஸ்டின் கிளை செய்து முடித்தது. அடுத்த வருடம் அதுவும் மூடப்பட்டது.

கம்பனிகள் போனாலும் யோசனை போகவில்லை. அதே ஒஸ்டின் கிளையில் 2000ஆம் ஆண்டு வந்த டியஸ் எக்ஸ், ஒரு கதவைத் திறக்க நாலு வழி வைத்து, எந்த வழி என்று ஆடுகிறவரிடமே விட்டது. அதன் முதன்மை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித். மற்றப் பக்கம், பிரான்ஸின் லியோன் நகரில் ரபாயல் கொலன்டோனியோ 1999இல் ஆர்கேன் ஸ்டூடியோஸைத் தொடங்கினார். லுக்கிங் கிளாஸ் ஆட்கள் 1992இல் செய்த அல்டிமா அண்டர்வேர்ல்டின் தொடர்ச்சியைச் செய்ய வேணும் என்பதுதான் அவரது ஆசை. உரிமை கிடைக்கவில்லை. அதனால் சொந்தப் பெயரில் ஆர்க்ஸ் ஃபட்டாலிஸ் என்று 2002இல் வெளியிட்டார். பிறகு ஸ்மித்தும் கொலன்டோனியோவும் சேர்ந்து இயக்கிய கேம்தான் டிஸ்ஆனர்ட். அறுந்த கயிற்றின் இரண்டு நுனியும் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அந்த ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு கட்டத்தில் 1666ஆம் ஆண்டு லண்டனையே களமாக வைக்க யோசித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் லண்டனில் பெருங்கொள்ளைநோய். நோய் வந்த வீட்டின் கதவில் சிவப்புச் சிலுவை கீறி, உள்ளே இருக்கிறவர்களை 40 நாள் வைத்துப் பூட்டி, வாசலில் காவல் போட்டார்கள். நாய், பூனைகளைக் கொல்லவும் உத்தரவு போட்டார்கள். எலியைப் பிடிக்கிற பிராணியையே கொன்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனின் தெருவிளக்குகளில் திமிங்கில எண்ணெய் எரிந்தது. டன்வாலில் அதே எண்ணெய்தான் விளக்கையும், ஆளை எரித்துச் சாம்பலாக்கும் ஒளிச்சுவரையும் இயக்குகிறது. நகரத்தின் தோற்றத்துக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் விக்டர் அன்டனோவ். ஹாஃப் லைஃப் 2இன் சிட்டி 17ஐ உருவாக்கிய அதே ஆள். அதிகாரம் ஒரு ஊரின் தெருக்களை எப்படி அடைத்துவைக்கும் என்று கட்டடங்களாலேயே சொல்லத் தெரிந்தவர்.

சரி, எங்கள் கேள்விக்கு வருவோம். கோர்வோ ஏன் ஒளியவேணும்? பயத்தில் இல்லை. அவன் நினைத்தால் ஒரு அறையில் நிற்கிற அத்தனை பேரையும் முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் எத்தனை பேரைக் கொல்கிறீர்கள் என்று கேம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பிணம் கூடினால் எலி கூடும். எலி கூடினால் நோய் கூடும். நகரம் இன்னும் இருட்டாகும், முடிவும் மாறும். யாரையும், இலக்கு வைக்கப்பட்ட ஆட்களைக்கூடக் கொல்லாமல் கதையை முடிக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேரட் தன் உயிருக்காக ஒளிந்தான். கோர்வோ ஒளிந்தால் அது மற்றவன் உயிருக்காக. 14 வருடத்தில் இந்த வகை கேம் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

இதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் உண்டு. கேம் வர முன்னம் காட்டிய காட்சிகளில் கொல்வதற்குத்தான் சாமான் கனக்க இருந்தது. வாள், கைத்துப்பாக்கி, குண்டு, எலிப்படை. கொல்லாமல் விடுகிறவனுக்கு மயக்க அம்பும், பின்னால் வந்து கழுத்தை நெரிப்பதும்தான் கண்ணில் பட்டது. கடைக்காரன் இனிப்பெல்லாத்தையும் மேசையில் பரப்பிவைத்துவிட்டு, "தொடாமல் போனால் நல்ல பிள்ளை" என்று சொல்கிற மாதிரி. கருணையான வழி சலிப்பான வழியாகிவிட்டால் அதை எத்தனை பேர் எடுப்பார்கள்?

ஒருவேளை அந்தச் சபலமே கேமின் பாடமாகவும் இருக்கலாம். கொல்லத் தெரியாதவன் கொல்லாமல் விடுவதில் என்ன பெருமை? கையில் எல்லாம் இருந்தும் விடுகிறவனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. விருப்பமானவர்கள் பழைய தீஃபை ஒருக்கா எடுத்து, ஆகக் கடினமான படிநிலையில் முதல் மாளிகைக்குள் போய்ப் பாருங்கள். பழைய கொம்பியூட்டரே போதும். ஹெட்போன் மட்டும் கட்டாயம் வேணும்.