வேண்டாம் என்று பதிந்தும் போன் ஏன் வருகிறது?

மதியம் கொஞ்சம் கண் அசரும் நேரத்தில்தான் "லோன் வேணுமா சார்?" என்று போன் வரும். டிஎன்டியில் பதிந்தும் ஏன் இப்படி என்று லிஃப்ட் வாசலில் பலர் கேட்டீர்கள். பதில் சொல்லப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2007-இல் 'அழைக்க வேண்டாம்' பட்டியலைக் கொண்டுவந்தது. பட்டியலில் சேராதவரை யாரும் நம்மை அழைக்கலாம். 2011 செப்டம்பரில் வங்கி, வீட்டுமனை, கல்வி என ஏழு வகைத் தேர்வு வந்தது. ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் என்ற கட்டுப்பாடும் அப்போதுதான். சில வாரங்களில் அதை 200 ஆக்கினார்கள்!

ஆனால் நிறுவனங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "நீங்கதான் சம்மதிச்சிருக்கீங்க சார்." எங்கே சம்மதித்தோம்? படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கவுண்டரில் நானே எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டியதில்லை. நானும் படித்ததில்லை.

2018 விதிமுறை இதைத்தான் பிடித்தது. நாம் தெளிவாகச் சம்மதித்த நிறுவனம் டிஎன்டியையும் தாண்டி விளம்பரம் அனுப்பலாம். ஆனால் அந்தச் சம்மதம் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும், நாம் அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அனுப்புபவர் பெயரும் செய்தியின் வாசகமும்கூட முன்பே பதிவாக வேண்டும். 2021 மார்ச் 8-இல் வாசகத்தை ஒத்துப் பார்க்கத் தொடங்கியதும் பலருக்கு ஓடிபியே வரவில்லை. ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள்.

சம்மதத்தை டிஜிட்டலாக வாங்கவும் 2023 ஜூனில் டிராய் உத்தரவிட்டது. 127 என்று தொடங்கும் எண்ணிலிருந்து கேள்வி வரும், நாம் பதில் அளிக்க வேண்டும். அந்த முறை அமலானபின் பழைய காகிதச் சம்மதம் செல்லாது. ஆனால் வங்கிகளில் சோதனை முயற்சி தொடங்கவே 2025 ஆகிவிட்டது. அதுவரை என் பெருக்கல் குறிகளுக்கு உயிர் இருந்தது!

ஆகவே 127-இலிருந்து செய்தி வந்தால் படித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள். அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஆங்கில 'பி' இருந்தால் அது விளம்பரம். தொல்லை வந்தால் 1909-இல் புகார் செய்ய முன்பு மூன்று நாள் அவகாசம், 2025 முதல் ஏழு நாள். பதிவில்லாத சாதாரண எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், டிஎன்டியில் இல்லாதவரும் புகார் செய்யலாம். எப்படி என்று தெரியாதவர்கள் போனோடு மாலையில் சங்க அறைக்கு வாருங்கள்.