அறுகோணத்துக்குள் போலந்து

ஒரு பேக்கரியை எங்க போட்டால் ஓடும் என்று இப்ப மென்பொருளிட்டயே கேட்கலாம். சனத்தொகை, வீதி, போட்டிக் கடைகள் எல்லாத்தையும் வரைபடத்தில் அடுக்கி இடத்தைக் காட்டிவிடும். இந்தக் கணக்குக்கு அடிபோட்டவர்களில் ஒருவர் வோல்ட்டர் கிறிஸ்ரலர். தெற்கு ஜேர்மனியின் நகரங்களை ஆராய்ந்து 1933இல் நூல் எழுதினார். ஒரு கடை தாக்குப்பிடிக்கக் குறைந்தது எத்தனை பேர் வேணும்? அந்தப் பொருளுக்காக ஆக்கள் எவ்வளவு தூரம் வருவினம்? பாணுக்கு நாங்கள் பக்கத்துத் தெருவைத் தாண்டமாட்டம். நகைக்குப் பட்டணம் போவம். இப்படி ஒவ்வொரு கடைக்கும் உரிய பரப்பை வரைந்துகொண்டு போனால் அறுகோணங்கள் விரியும். நிலம் சமதரை, ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால்தான்.

1940இல் அவர் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். ஹிம்லரின் கீழ் கொன்ராட் மேயர் நடத்திய திட்டமிடல் அலுவலகத்தில், ஆக்கிரமித்த போலந்தில் ஜேர்மனியரைக் குடியேற்ற எந்த ஊர்களை மையமாக்கலாம் என்று இதே கோட்பாட்டை வைத்துத் திட்டம் போட்டார். அங்க ஏற்கெனவே வாழ்ந்த போலந்து மக்களையும் யூதர்களையும் விரட்டினார்கள், கொன்றார்கள்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிரையன் பெரி போன்றவர்கள் கடைகளின் அமைவிடத்தை ஆராய இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் படித்த குறிப்புகளில் அறுகோணம் இருந்தது. போலந்து இருக்கவில்லை.