பழவேற்காட்டுச் சிவப்பு யாருடைய அறிவு?

பழவேற்காடு என்றதும் இன்று நினைவுக்கு வருபவை இறாலும் நண்டும் பூநாரைகளும், முகத்துவாரம் மண் மூடிப்போகிறதே என்ற மீனவர்களின் கவலையும்தான். நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரின் பெயர் கடல் கடந்து பேசப்பட்டதற்குக் காரணம் துணி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிருந்து மலாக்காவுக்குத் துணிப்பொதிகள் போயின. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியினர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் அவற்றுக்கு மாற்றாக இந்தக் கரைத் துணி செல்லுபடியானது. அதே கம்பெனி இங்கிருந்து அடிமைகளையும் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியது என்பதும் இந்த வணிகத்தின் கணக்கில் சேர்ந்ததே. துணிக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் முதன்மையானது, எத்தனை முறை வெளுத்தாலும் மங்காத சிவப்பு. அதைக் கைத்தொழில் இரகசியம் என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது நம் வழக்கம். அந்தப் பாராட்டில் ஒரு குறைத்துமதிப்பிடல் ஒளிந்திருக்கிறது. அந்தச் சிவப்பு சோதித்துச் சோதித்துச் சேர்த்த வேதியியல் அறிவு. அதை அந்தப் பெயரால்தான் அழைக்க வேண்டும்.

சிவப்புக்கு மூலம் சாயவேர். சித்த மருத்துவம் இம்பூறல் என்று சொல்லும் சிறு செடியின் வேர் அது. கடலோர மணலில் நன்றாக வளரும். வேரைக் கொதிக்கவைத்த நீரில் வெறும் பருத்தித் துணியை முக்கினால் சாயம் நிலைக்காது. நிலைக்கவைப்பது படிகாரம். துணியை முதலில் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தை நூலில் பிடித்து நிறுத்தும். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் கோட்டைத் தாண்டிக் கசியாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகார நீரால் எழுதுவார்கள். அதற்கு நிறம் கிடையாது. கை போன வழி கண்ணுக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் பதிமுகச் சாயம் சேர்ப்பதும் உண்டு. அதன் பின் முழுத் துணியையும் சாயவேர் நீரில் போட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல் சாண நீரிலும் வெயிலிலும் போய்விடும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பைப் புளித்த வெல்லக் கரைசலில் ஊறவைத்த நீர். ஆக, ஓவியர் நிறத்தைத் தீட்டவில்லை. நிறம் எங்கே பிறக்க வேண்டும் என்பதைத் தீட்டினார்.

இது வெறும் பழக்கம்தான், ஏன் என்று தெரியாமல் செய்வது அறிவியல் ஆகாது என்ற மறுப்பு எழும். படிகாரத்தில் உள்ள அலுமினியம், சாயவேரில் உள்ள சிவப்புச் சாயப்பொருளான அலிசரின் என்ற பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வேதியியலுக்கும் அவை தெரியாது. அது கற்றுக்கொள்ள இந்தக் கரைக்குத்தான் வந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டு ஃபே என்ற வேதியியலாளருக்காக, 1734 வாக்கில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணியைத் தன் கண்முன்னே எழுதவைத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவைத்துக் குறிப்பு எழுதினார். 1742இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாக அனுப்பினார். செய்முறையின் வரிசை, அளவு, நீரின் தன்மை நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாறும் காரணிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு கட்டுப்படுத்தியவர்களைப் பழக்கத்தால் செய்தவர்கள் என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு மறுப்பு மண்ணின் பெயரால் வரும். கடற்கரை மணலில் சிப்பித் தூளின் சுண்ணச் சத்து உண்டு. அலிசரினும் அலுமினியமும் சேர்ந்து நல்ல சிவப்பாக இறுக அந்தச் சுண்ணமும் வேண்டும் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. அப்படியானால் இது இயற்கையின் கொடைதானே? சிப்பி மணல் உலகின் எத்தனையோ கரைகளில் கிடக்கிறது. எந்த மணலில் எடுத்த வேர் நன்றாகச் சிவக்கும் என்று தரம் பிரித்து, அதற்குத் தக்க விலை வைத்தது மனித அறிவு. மன்னார்ப் பக்கத்து வேரை டச்சுக்காரர்கள் தேடியதும் அந்தத் தரம் பார்த்துத்தான். துணி உள்நாட்டு ஊர்களில் நெய்து சாயமிடப்பட்டதே, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இதில் என்ன பங்கு என்றும் கேட்கலாம். பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. வெளியே கடலில்தான் நங்கூரமிடும். பொதிகள் அங்கே போய்ச் சேர அலையையும் மணல்திட்டையும் அறிந்த படகுக்காரர்கள் வேண்டும். எந்தத் தீவில் எந்தச் சிவப்பு விலைபோனது என்ற சேதி திரும்பி வந்ததும் இந்தத் துறை வழியாகத்தான். சோதனையின் முடிவு தெரியாமல் சோதனை முன்னேறாது.

1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஆலைச் சிவப்பு மலிந்தது, சாயவேருக்கு இருந்த கிராக்கி விழுந்தது. இன்று அருங்காட்சியகங்களின் ஆய்வுக்கூடங்கள் ஓரிரு நூலிழைகளைப் பகுத்துப் பார்த்து, ஐரோப்பிய மஞ்சிட்டி வகை வேரில் இருக்கும் பர்பூரின் என்ற சாயப்பொருள் இல்லையென்றால் சாயவேரை ஊகிக்கின்றன. பழைய துணிகளில் கறுப்புக் கோடுகள் மட்டும் இற்று ஓட்டையாவதற்கு அந்த இரும்புதான் காரணம் என்பதையும் அவை விளக்கின. இந்த விளக்கங்கள் சாயக்காரர்களின் அறிவுக்கு மாற்றாக வந்தவை அல்ல, அதன் தொடர்ச்சி. ஆனால் ஆவணங்களில் அதிகாரியின் பெயர் இருக்கிறது, பாதிரியாரின் பெயர் இருக்கிறது. வேலையைச் செய்து காட்டியவர்களுக்குப் பெயரில்லை. பெயர்களை இனி மீட்க முடியாது. அவர்கள் செய்ததைச் சரியான இடத்தில் வைக்க முடியும். படிகாரம் சாயத்தை எப்படிப் பிணைக்கிறது என்று பள்ளியில் கற்றுத்தரும்போது கிரேபேயிலிருந்து தொடங்கினால், கதையின் பிற்பாதியை மட்டும்தான் சொல்கிறோம்.