உலாவியை முறைப்படி மூடும் வழக்கத்தின் வரலாறு

கணினியில் இயங்கும் நிரலை, அதாவது இயக்குதளம் எண்ணிட்டுக் கண்காணிக்கும் ‘புராசஸ்’ ஒன்றை, கட்டளை வரியிலிருந்து நிறுத்த யூனிக்ஸ் இயக்குதளத்தில் ‘கில்’ என்னும் கட்டளை பயன்பட்டது. பெல் ஆய்வுக்கூடம் 1975இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பில், வேறு எண் தரப்படாதபோது இக்கட்டளை 9ஆம் சிக்னலையே அனுப்பியது. சிக்னல் என்பது புராசஸுக்கு விடுக்கப்படும் அறிவிப்பு என்றாலும், 9ஆம் சிக்னலை எந்த நிரலாலும் எதிர்கொள்ள இயலாததால், அதைப் பெற்ற நிரல் கையிலிருந்த வேலையைச் சேமிக்காமலே மறைந்துவிடும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு ‘டெர்ம்’ எனப்படும் 15ஆம் சிக்னலை அந்த இடத்தில் வைத்தது. இதைப் பெறும் நிரல் கோப்புகளை எழுதி முடித்து, தற்காலிகக் கோப்புகளை நீக்கி, தானே வெளியேறலாம். வரலாற்று நூல்கள் பெரிதாகப் பேசாத இம்மாற்றம் யூனிக்ஸின் மிகப் பண்பட்ட முடிவுகளில் ஒன்று.

வரைகலைத் திரைகள் வந்தபின் இரண்டாம் வழி ஒன்று உருவானது. 1987இல் வெளியான எக்ஸ்11 சாளர அமைப்பில், பயனர் மூடும் பொத்தானை அழுத்தினால், சாளரங்களை ஒழுங்குபடுத்தும் சாளர மேலாளர் அச்சாளரத்துக்கு ‘மூடிக்கொள்க’ என்ற செய்தியை அனுப்பும். ‘டபிள்யூஎம்கண்ட்ரோல்’ என்ற சிறு கருவி இதே வேண்டுகோளைக் கட்டளை வரியிலிருந்தே விடுக்க வகைசெய்தது. சிக்னல் புராசஸுக்குரியது, இச்செய்தியோ சாளரத்துக்குரியது என்பதால் இரண்டின் விளைவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

முறைப்படி மூடுவதற்கும் திடீரென நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு உலாவிகளில் கூர்மையாகத் தெரிகிறது. 2006இன் ஃபயர்ஃபாக்ஸ் 2 திறந்திருந்த பக்கங்களை மீட்டெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2008இன் ஃபயர்ஃபாக்ஸ் 3 வரலாற்றையும் புத்தகக்குறிகளையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்தது. திடீரென நிறுத்தினாலும் தரவுத்தளம் பெரும்பாலும் தன்னைச் சீர்செய்துகொள்ளும். ஆனால் பாதியில் நின்ற பதிவிறக்கமும் படிவத்தில் தட்டச்சிட்ட வரிகளும் வீணாகலாம். அதே ஆண்டில் வந்த குரோம், ஒரே உலாவியைப் பல புராசஸ்களாகப் பிரித்ததால், அவற்றில் முதன்மையானதையே மூடச் சொல்ல வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டம் விண்டோசையும் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் பாஸ் லினக்ஸையும் ஒரே கணினியில் தந்தபோது, இரு மரபுகளும் பள்ளி மாணவரின் கைக்கு வந்தன. விண்டோசின் ‘டாஸ்க்கில்’ கட்டளை சாளரத்துக்கு மூடும் செய்தியை அனுப்பும். ‘எஃப்’ குறியைச் சேர்த்தால்தான் வலிந்து நிறுத்தும். பாஸ் லினக்ஸிலோ, 15ஆம் சிக்னலை அனுப்பிச் சில நொடிகள் காத்திருந்து, புராசஸ் அப்போதும் நீடித்தால் மட்டுமே 9ஆம் சிக்னலை நாடுவது முறை.